ஹாரன் அடித்தால் கண்டக்டர் பேசும் பஸ்

எனக்கு வயது எழுபத்தொன்று. வளர்த்தது நான்கு பிள்ளைகளையும் ஒன்பது கம்ப்யூட்டர்களையும். பிள்ளைகள் நால்வரும் ஆளுக்கொரு ஊரில் நன்றாக இருக்கிறார்கள். கம்ப்யூட்டர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். இங்கிலீஷில் எண்கள் மட்டும் தெரியும், எஸ்.டி.டி. பூத் வைத்திருந்ததால் வந்த படிப்பு. பூத் படுத்துவிட்டபோது அதே இடத்தில் தடுப்புப் பலகை அடித்து பிரௌசிங் சென்டர் போட்டேன். சங்கரன்கோவிலில் பெண்பிள்ளை நடத்திய பிரௌசிங் சென்டர் என்னுடையது ஒன்றுதான். வேறு இருந்ததாக யாராவது சொன்னால் அவர் வெளியூர்க்காரராக இருப்பார்.

இதை நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். சொல்ல வைத்தது நீங்கள்தான். ரத வீதியில் புதிதாகக் கேமிங் சென்டர் திறந்தபோது, தொழிலில் மூத்தவள் என்று என்னை விளக்கேற்றக் கூப்பிட்டீர்கள். ஏசி, சிவப்பும் நீலமுமாக விளக்கு, படுத்தே விளையாடலாம் போன்ற நாற்காலி. எல்லாம் நன்றாக இருந்தது. அப்போது உங்களில் ஒருவர் கேட்டார்:

"ஆச்சி, இப்ப உள்ள பஸ் கேமுக்கு நம்ம ஊரு பஸ்ஸ எவ்வளவோ பேரு மோட் பண்ணிப் போட்டிருக்கான். பழைய கேமுக்குத் தேடுனா மட்டும் ஒண்ணுமே கெடைக்க மாட்டேங்குது. அப்ப யாரும் செய்யலையோ?"

அந்த நேரம் பாயசம் வந்துவிட்டது. பதில் சொல்ல விட்டுப்போயிற்று. இப்போது சொல்கிறேன். செய்தார்கள்.

நீங்கள் மோட் என்பதை நாங்கள் பேட்ச் என்போம். கேமைச் செய்தவன் வைக்காததை விளையாடுகிறவன் உள்ளே நுழைத்து வைப்பது. ரெடிமேட் சட்டையை வாங்கி நம் உடம்புக்குப் பிடித்துத் தைப்பதில்லையா, அது மாதிரி. ஒருவன் கிரிக்கெட் கேமில் இருந்த வெள்ளைக்காரப் பெயர்களை எடுத்துவிட்டு மேலநீலிதநல்லூர் டீமை அப்படியே ஏற்றியிருந்தான். அந்த டீம் என் கடையில் ஆஸ்திரேலியாவை ஜெயிக்கும். மைதானத்தில் பக்கத்து ஊர்த் திருவேங்கடத்துக்காரர்களிடமே தோற்கும்.

இதிலெல்லாம் பேர்போனது மாரிச்செல்வி செய்த பஸ். மாரிச்செல்வி டிப்ளமோ படித்துக்கொண்டிருந்த பெண். கடையில் இருப்பது ஒரு பொம்பளை என்பதால் வீட்டில் விட்டார்கள். அவள் அப்பா கோமதிநாயகம் திருவேங்கடம் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஊர் சுற்றி வண்டி ஓட்டுகிற ஒரு கேம் அப்போது எல்லாக் கடையிலும் இருந்தது. அதில் ஓடிய சீமைப் பஸ்ஸை அழித்து, அப்பாவின் பஸ்ஸை அங்கே நிறுத்தினாள். அதே பச்சை, அதே வெள்ளைக் கோடு, முன்னால் கட்டித் தொங்கவிட்ட எலுமிச்சம்பழம்கூட உண்டு. அது போதவில்லை அவளுக்கு. ஹாரனை மாற்றப் போகிறேன் என்றாள்.

ஒரு நாள் டிரிப்புக்கு நடுவில் டீ குடிக்க வந்த அப்பாவைக் கையோடு கடைக்குள் இழுத்து வந்தாள். ஹெட்போன் மைக்கை அவர் வாய்க்கு நேரே பிடித்தாள்.

"யப்பா, ஆள் கூப்பிடுங்க."

"இங்கன ஆளே இல்லையேட்டி."

"இருக்கதா நெனச்சுக்கிடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். "மதினி, உங்க கடையில சத்தம் போடலாமா?"

"கூப்பிடுங்க. எவன் ஏறுதான்னு பாப்போம்" என்றேன்.

அவர் பையைச் சரியாக மாட்டிக்கொண்டு, என் கடைச் சுவரைப் பார்த்துக் கூப்பிட்டார்: "ஏறு ஏறு ஏறு! திருவேங்கடம் திருவேங்கடம் திருவேங்கடம்! படியில நிக்காத வே, உள்ள போ! உள்ள என்ன பாம்பா கெடக்கு?"

வெளியே போய்க்கொண்டிருந்த ஒரு புருஷன் பெண்டாட்டி மூட்டையோடு உள்ளே வந்து, பஸ் எங்கே நிற்கிறது என்று கேட்டார்கள்.

அன்றிலிருந்து அந்த கேமில் ஹாரனை அமுக்கினால் ஹாரன் வராது. கண்டக்டர் குரல்தான் வரும். மாரிச்செல்வி அதை எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏற்றினாள். வந்தவன் எல்லாம் ஓட்டுவதை விட்டுவிட்டு ஹாரனையே அமுக்கினான். காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்த இடத்தில் திருவேங்கடம் போய்வந்துகொண்டிருந்தேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

ஆயுத பூஜைக்கு நம் ஆட்கள் எல்லாவற்றையும் கழுவுவார்கள். லாரிக்காரர் லாரியைக் கழுவுவார். தையல்காரர் மிஷினைத் துடைத்து எண்ணெய் விடுவார். கம்ப்யூட்டரில் எதைக் கழுவுவது? சர்வீஸ் பார்க்க ஒரு அண்ணாச்சி வருவார். இந்தத் தொழிலில் எனக்குக் குரு அவர்தான். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. கடை திறந்த வருஷமே சொன்னார்:

"வெளிய தொடச்சா மட்டும் போதுமாம்மா? உள்ள ஒரு வருசத்து அழுக்கு கெடக்கு. ஃபார்மேட் போட்டிருவோம். பழச வச்சுக்கிட்டா சரஸ்வதி முன்னால நிப்பாட்டுவீங்க?"

எனக்கு நியாயமாகப் பட்டது. பூஜைக்கு முதல் நாள் கடையை அடைத்துவிட்டு ஒவ்வொன்றாக உள்ளே இருப்பதை அத்தனையும் அழிப்பார். பிறகு திரும்ப ஏற்றுவார். சந்தனம், குங்குமம், மாலை, பொரிகடலை. விஜயதசமியன்று திறந்தால் ஒவ்வொன்றும் அன்று பிறந்த பிள்ளை மாதிரி ஓடும். ஊரில் உள்ள மற்ற சென்டர்களுக்கும் அவர்தான் சர்வீஸ் என்பதால், எல்லாக் கடையும் அதே நாளில் பிள்ளை பெற்றன.

இதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். வைரஸ் ஒழிந்தது, வேகம் வந்தது, சாமிக்கும் சுத்தம். ஆனால் மேலநீலிதநல்லூர் டீம் அந்த வருஷத்தோடு கலைந்தது. இன்னொருவன் கார் கேமுக்குள் ஓடவிட்டிருந்த நம் கோயில் தேர் போயிற்று. மாரிச்செல்வி மட்டும் பூஜை கழிந்ததும் வந்து, முணுமுணுத்துக்கொண்டே பஸ்ஸைத் திரும்ப ஏற்றுவாள். அவள் படிப்பு முடிந்து வேலைக்குப் போனபிறகு ஒரு பூஜை வந்தது. பஸ்ஸும் போயிற்று.

நெட்டில் ஏற்றி வைத்திருக்கலாமே என்பீர்கள். அப்போது நெட் டெலிபோன் வயரில் வரும். ஒரு போட்டோவை மேலே அனுப்பிவிட்டு டீக்கடைக்குப் போய் வரலாம்; வந்தாலும் அது போயிருக்காது. அதைவிட, ஏற்றவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. "நம்ம ஊரு பஸ்ல அமெரிக்காக்காரனா அத்தை ஏறப்போறான்?" என்று மாரிச்செல்வியே கேட்டாள்.

பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது. நான் கடையை மூடினேன்.

கொஞ்ச காலத்துக்கு முன் மாரிச்செல்வி பெங்களூரிலிருந்து என் வீட்டுக்கு வந்தாள். முன்முடி நரைத்திருந்தது. அவள் அப்பாவுக்குத் தொண்டையில் கட்டி வந்து, ஆபரேஷனில் குரலையே எடுத்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அது நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. கழுத்தில் உள்ள துளை வழியாக மூச்சு விடுகிறார். கண்டக்டர் விசிலைக்கூட ஊத முடியாது. உதட்டை அசைப்பார், கையைக் காட்டுவார். பெண்டாட்டிக்கு மட்டும் புரியும். அந்த அம்மா காலமானபிறகு அதுவும் இல்லை.

"இப்ப ஒரு வழி வந்திருக்கு அத்தை" என்றாள் மாரிச்செல்வி. "ஆளோட பழைய குரல் கொஞ்சம் இருந்தாப் போதும். போன்ல எழுதுனா அந்தக் குரல்லயே பேசும். ஆனா அப்பா குரல் எங்கயுமே இல்ல. அக்கா கல்யாணக் கேசட்டப் போட்டுப் பாத்தேன், வாயி மட்டும் அசையுது, மேல சினிமாப் பாட்டு ஓடுது."

"பஸ்ஸு?"

"அதுக்குத்தான் வந்தேன். நான் வச்சிருந்த காப்பி எப்பவோ கெட்டுப்போச்சு. ஒரே ஒரு ஹாரன் போதும் அத்தை."

என் கடை போன கதையைச் சொன்னேன். அவள் அழவில்லை. யார் யார் காப்பி எடுத்தார்கள் என்று கேட்டாள்.

காப்பி எடுத்தவன் சங்கரபாண்டி. என் கடையில் வந்த எல்லாப் பேட்ச்சையும் சிடியில் அடித்து, மேலே மார்க்கர் பேனாவால் பெயர் எழுதி வைத்திருந்தவன். இப்போது மேலநீலிதநல்லூர்ப் பக்கம் மக்காச்சோளம் போடுகிறான். இருவரும் டவுன் பஸ் பிடித்துப் போனோம்.

"சிடியா அத்தை? இருக்கே! ஒண்ணக்கூடத் தூரப் போடல" என்றான். எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. வாங்க என்று வீட்டுக்குள் கூட்டிப்போகாமல் காட்டுக்குக் கூட்டிப்போனான்.

சோளத்துக்கு மேலே கயிறு கட்டி, கயிறு முழுக்க சிடி தொங்கிக்கொண்டிருந்தது. வெயிலில் கண் கூசியது.

"கிளிக்கு" என்றான். "மினுங்குனா வராதுன்னு சொன்னாங்க. மயிலு வரல. கிளி வருது. கிளிக்கு மினுக்கம் பிடிக்கும் போல."

மாரிச்செல்வி கயிறு நெடுக ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனாள். எழுத்தெல்லாம் வெளுத்திருந்தது. ஒன்றில் மட்டும் 'பஸ்' என்று அரைகுறையாகத் தெரிந்தது. அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். பூச்சு உரிந்து, அதன் வழியாக அந்தப் பக்கத்து வானம் தெரிந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏலே, ஊரான் பிள்ள உழைப்பையெல்லாம் கிளி ஓட்டக் கட்டி வச்சிருக்கியே!"

"நீங்க சாம்பிராணி போட்டு அழிச்சீங்க அத்தை. நான் கிளியாவது ஓட்டுதேன்."

பதில் சொல்ல எனக்குத் தெரியும். வெயிலாக இருந்ததால் நிழலைப் பார்த்து நடந்தேன்.

மோர் கொடுத்து அனுப்பும்போது சங்கரபாண்டியே ஒன்றைக் கேட்டான். "அந்த வாசப்படி ஓரத்து சிஸ்டத்த வாசுதேவநல்லூர் ஸ்டுடியோக்காரருக்கு வித்தீங்கள்லா? அது பூசைக்கு முன்னாடியா பின்னாடியா?"

முன்னாடி. புரட்டாசி பிறந்த கையோடு கொடுத்தது. பூஜைச் செலவுக்கென்றே கொடுத்தேன். மாரிச்செல்வியின் கையைப் பிடித்து எழுப்பினேன்.

ஸ்டுடியோக்காரர் ஜெபராஜ். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கல்யாண ஆல்பம். கடைக்குள் போய்க் கும்பிட்டுவிட்டு முதலில் கேட்டது இதுதான்: "அந்தக் கம்ப்யூட்டர எப்பவாவது அழிச்சீங்களா?"

"எதுக்குக்கா அழிக்கணும்? கிறிஸ்துமஸுக்குச் செவத்துக்கு வெள்ளையடிப்பேன், அதத் துணியால தொடைப்பேன். உள்ள ஊரு சனத்தோட கல்யாணமெல்லாம் கெடக்கு."

"உள்ள ஒரு விளையாட்டு இருந்துதா?"

"மூலையில என்னமோ ஒரு படம் கெடக்கு. நான் தொடல. அது என் பொருள் இல்ல பாத்தீங்களா."

ஆயுத பூஜை இல்லாத வீட்டில் பிழைத்துக் கிடந்தது.

மறுநாள் கோமதிநாயகத்தையும் கூட்டிக்கொண்டு போனோம். கழுத்தில் வெள்ளைத் துண்டு சுற்றியிருந்தார். பின் அறையில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த கம்ப்யூட்டரை ஜெபராஜ் மேஜைக்குக் கொண்டுவந்து, தூசி தட்டி, சுவிட்சைப் போட்டார். திரை மெதுவாக வெளுத்தது. மூலையில் அந்தப் படம் இருந்தது. மாரிச்செல்வி என் தோளை அழுத்தினாள். அப்போதுதான் டப்பாவுக்குள்ளிருந்து பல்லி கத்துவது போல ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. டிக். டிக். டிக்.

மாரிச்செல்வியின் முகம் மாறிவிட்டது. "டிஸ்க் போகப்போகுது அத்தை. ஆஃப் பண்ணிருவோம். கழத்தி பெங்களூருக்குக் கொண்டுபோயி லேப்ல குடுத்தா எடுத்துருவாங்க."

"கண்டிப்பா எடுத்துருவாங்களா?" என்றேன்.

"கண்டிப்பான்னு சொல்ல முடியாது. இல்லன்னா இப்பவே அந்தக் குரல் ஃபைலத் தேடி காப்பி பண்ணிருதேன்."

"எங்க இருக்குன்னு தெரியுமா?"

"தேடணும்."

ஜெபராஜ் ஒருதரம் அணைத்துப் போட்டால் சத்தம் நிற்கும் என்றார். மாரிச்செல்வி வேண்டாம் என்றாள். இருவரும் ஒரே நேரத்தில் கீபோர்டுக்குக் கை நீட்டினார்கள். கோமதிநாயகம் உதட்டை அசைத்து என்னவோ கேட்டார். என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

பிள்ளைகளே, தொழிலில் இந்த இடம் உங்களுக்கும் ஒரு நாள் வரும். எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்திருக்கும். எல்லாரும் சரியாகவே சொல்வார்கள். நேரம் மட்டும் இருக்காது. எனக்கு டிஸ்க்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் வீட்டில் பெரிய உயிர் இழுத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருந்திருக்கிறேன். கார் பிடிக்க ஒருவன் ஓடுவான், டாக்டருக்கு ஒருவன் போன் போடுவான். அந்த ஆள் என்ன சொல்ல வாயெடுத்தார் என்று கேட்க யாரும் இருக்கமாட்டார்கள்.

"எல்லாரும் கைய எடுங்க" என்றேன். "ஏட்டி, விளையாட்டத் தொற. ஹாரன அமுக்கு. மத்ததெல்லாம் பொறவு."

"ஸ்பீக்கர்லருந்து எடுத்தா இரைச்சலா இருக்கும் அத்தை. ஃபைலா எடுத்தாத்தான் சுத்தமா வரும்."

"சுத்தம் பண்ணிப் பண்ணித்தான் இங்க வந்து நிக்கோம். தொற."

ஜெபராஜ் ஃபேனை நிறுத்தினார். ராஜபாளையம் ரோட்டு பஸ் சத்தம் வராமலிருக்க ஷட்டரை இறக்கினார். எங்களிடமிருந்த மூன்று போன்களையும் ஸ்பீக்கரோடு ஒட்டிப் பிடித்தோம். மாரிச்செல்வி மூலையில் இருந்த படத்தை அமுக்கினாள். கேம் எழுந்து வர வெகுநேரம் ஆயிற்று. டிக் சத்தம் கூடிக்கொண்டே இருந்தது. பிறகு தெரு வந்தது. தெருவோரத்தில் பச்சையாக, எலுமிச்சம்பழத்தோடு பஸ் நின்றது.

அவள் ஹாரனை அமுக்கினாள்.

"ஏறு ஏறு ஏறு! திருவேங்கடம் திருவேங்கடம் திருவேங்கடம்! படியில நிக்காத வே, உள்ள போ! உள்ள என்ன பாம்பா கெடக்கு?"

"இன்னொருக்கா" என்றேன். அமுக்கினாள். "இன்னொருக்கா." எனக்குப் போதும் என்று படும்வரை அமுக்க வைத்தேன். மூன்று போனிலும் ஏறிவிட்டது என்று ஜெபராஜ் தலையாட்டினார்.

கோமதிநாயகம் மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. டிக்கெட் கொடுக்கிறவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கடைசி ஹாரன் ஓய்ந்ததும் கையை மடக்கி, கம்ப்யூட்டர் டப்பாவின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

பஸ்ஸில் கண்டக்டர் அப்படித் தட்டினால், கிளம்பு என்று அர்த்தம். மாரிச்செல்வி யோசிக்கவில்லை. கை தானாகப் போயிற்று. பஸ் கிளம்பியது. தெரு நெடுகப் போய் மூலையில் திரும்பியது. பாதி திரும்பும்போது நின்றுவிட்டது. திரையும் அப்படியே நின்றது. டிக் சத்தமும் நின்றது.

பிறகு அந்தக் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. ஜெபராஜ் தன் கல்யாணங்களுக்கெல்லாம் தனியாகக் காப்பி வைத்திருந்தார், நல்லவேளை. மாரிச்செல்வி டிஸ்க்கைப் பெங்களூரில் காட்டினாள். அங்கேயும் கையை விரித்துவிட்டார்கள். எலுமிச்சம்பழம் கட்டிய பஸ் அந்த மூலையோடு சரி.

"பஸ் போச்சேட்டி" என்றேன்.

"போட்டும் அத்தை. பஸ்ஸ மறுபடி செஞ்சுக்கிடலாம்" என்றாள். இன்றுவரை செய்யவில்லை. வேலை அப்படி.

உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் ஆயுத பூஜை. மீதிப் பதில் இது. கிடைத்த ஒன்றிரண்டும்கூட, கிடைத்தவர்கள் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டபிறகு நிற்பதில்லை. நாங்களும் அப்படித்தான் எடுத்தோம். இன்னொரு தடவை நேர்ந்தாலும் அதைத்தான் முதலில் எடுக்கச் சொல்வேன். ஆனால் உங்கள் கடையில் காரியம் இவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. பூஜை கும்பிடுங்கள். சந்தனம் வையுங்கள். உள்ளே கை வைப்பதற்கு முன், அந்த நாற்காலியில் வழக்கமாக உட்காருகிறவனைக் கூப்பிட்டு, "ஏலே, உன்னது ஏதாவது இருக்கா?" என்று கேளுங்கள். இல்லை என்பான். மறுநாளும் கேளுங்கள்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கோமதிநாயகம் மகளோடு வந்தவர் என் வீட்டுக்கும் வந்தார். வாசலில் நின்று போனை எடுத்து என்னவோ எழுதி, என் பக்கம் நீட்டினார்.

"மதினி! சௌக்கியமா!"

தெருவில் படுத்திருந்த நாய் எழுந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அவர் குரலேதான். ஆனால் நாங்கள் எடுத்துக் கொடுத்தது முழுக்க ஆள் கூப்பிட்ட குரல் என்பதால், அந்தப் போனுக்கு வேறு குரல் தெரியவில்லை. ரசம் கேட்டாலும் பஸ் ஸ்டாண்டில் கேட்கிற மாதிரிதான் வருகிறது. குறைத்து வைக்க வழி இருக்கிறதாம். மகள் வீட்டுக்காரர் குறைக்கச் சொல்கிறார். மாரிச்செல்வி விடவில்லை.

காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். வழியனுப்ப வாசற்படி வரைக்கும் வந்து நின்றேன். அவர் தெருவில் நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். போனை எடுத்து, நிதானமாக எழுதி, உயரத் தூக்கிப் பிடித்தார்.

"படியில நிக்காதீங்க மதினி! உள்ள போங்க!"

போனேன்.

ஏட்டி, எழுதுனது போதும். மொதல்லருந்து வாசி. நடுவுல ஒரு வரி வேண்டாம், அடிச்சிருன்னு சொன்னேன்லா, அதையும் சேத்து வாசி. அழிச்சிருந்தா மத்தியானம் சோறு கெடையாது.